யாரும் ஏலம் கேட்காத தவி: ஒரு தொடக்கப் பள்ளியில் நடந்த நிகழ்வு

பின்னணி

கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு வட்டத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற அரசு உதவி பெறும் கிறிஸ்தவத் தொடக்கப் பள்ளி. நான் அங்கே தலைமை ஆசிரியர், என்னோடு ஒரு உதவி ஆசிரியை. 1 முதல் 5 வரை 47 பிள்ளைகள், 2 ஆசிரியர்கள் என்றால் மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம், ஒரே அறையில் மூன்று வகுப்பு உட்கார்ந்திருக்கும். ஊர்ப் பெயர், பிள்ளை பெயர் எதையும் எழுதப்போவதில்லை. நடந்ததில் பெரிய தவறு என்னுடையது, அதனால் எழுத எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1806-ல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்த காலம் தொட்டே, ஆலயம் இருக்கிற இடத்தில் ஒரு பள்ளிக்கூடமும் இருப்பது இந்த மாவட்டத்துப் பழக்கம். எங்கள் பள்ளியும் ஆலயச் சுவரை ஒட்டித்தான் நிற்கிறது. கிணறு ஒன்று, மைதானம் ஒன்று, சாவிக்கொத்தும் ஒன்றுதான். ஆனால் பிள்ளைகளில் பாதிக்கு மேல் சபைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் இல்லை. தகப்பன்மார் ரப்பர் பால்வெட்டுக்கோ கட்டிட வேலைக்கோ போகிறவர்கள், தாய்மார் பெரும்பாலும் அண்டி ஆபீசில், அதாவது முந்திரிப்பருப்பு ஆலையில். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் பால்வெட்டு நின்றுபோகும். பட்டையில் ஈரம் இருந்தால் பால் சிரட்டைக்குள் விழாமல் மரத்தோடு பரந்து வழிந்துவிடும், அன்றைக்குக் கூலி இல்லை. எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு, ஆக வருஷத்தில் இரண்டு தடவை அந்த வீடுகளில் அடுப்பு சுருங்கும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. இருபது வருஷமாக இங்கேதான் இருக்கிறேன். தெரிந்தும் எங்கே கோட்டை விட்டேன் என்பதுதான் இந்தக் கதை.

ஆலயத்தில் அக்டோபரில் அறுப்பின் பண்டிகை. வாழைக்குலை, தேங்காய், மரச்சீனி (மரவள்ளி), கோழி என்று வீட்டில் விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் ஏலம் நடக்கும். 2022-ல் அதைப் பார்த்துத்தான் எனக்கு யோசனை வந்தது. தொடக்க வகுப்புகளுக்கான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கிய வருஷம் அது, பிள்ளைகளுக்குப் பணக் கணக்கும் எடை அளவும் சொல்லிக்கொடுக்க ஏதாவது உயிருள்ள செயல்பாடு தேடிக்கொண்டிருந்தேன். பண்டிகைக்கு முந்தின வெள்ளிக்கிழமை மத்தியானம் பள்ளி மைதானத்தில் ஒரு பிள்ளைகள் ஏலம். ஆளுக்கு ஒரு பொருள் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வெட்டிக்கொடுத்த காகிதப் பணத்தில் ஏலம் கேட்கலாம். நன்றாகவே நடந்தது.

அடுத்த வருஷம் பெற்றோர் வந்தார்கள், நிஜப் பணம் கேட்டார்கள். அந்தப் பணத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி வாங்கினோம். இதை வெற்றி என்று நாங்கள் எல்லோருமே நம்பினோம்.

ஏல நாள்

2024 அக்டோபர் மூன்றாம் வாரம், வெள்ளிக்கிழமை. காலையில் மழை, மத்தியானம் வெளுத்துவிட்டது. ஒலிபெருக்கி வைத்திருந்தோம், சபைக் கமிட்டியினர் வந்திருந்தார்கள், நோக்கம் கழிப்பறைக்குக் கதவு. ஏலம் கூவியது நான். எனக்கு அது பிடிக்கும், கொஞ்சம் நாடகம் போடுவேன்.

ஒரு மட்டி வாழைக்குலை 850 ரூபாய்க்குப் போனது. முந்தின வருஷம்தான் மட்டிப் பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருந்தது, அதை ஒலிபெருக்கியில் சொல்லிச் சொல்லியே விலையை ஏற்றினேன். ஒரு சேவல் 1,100. அப்புறம் மூன்றாம் வகுப்புப் பெண்பிள்ளை ஒருத்தி முன்னால் வந்தாள். அவள் கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு சிரட்டைத் தவி, தேங்காய் ஓட்டில் செய்த அகப்பை. பிரித்துக் காட்டினாள். அரைச் சிரட்டையில் இரண்டு துளை போட்டு, பாக்கு மரச் சிம்பைச் செதுக்கிச் செருகியிருந்தது. வெளிப்புறம் கறுப்பாக, கண்ணாடி மாதிரி மினுங்கியது. இவ்வளவும் இப்போது விவரமாகச் சொல்கிறேன், அன்றைக்கு நான் அதைச் சரியாகப் பார்க்கவே இல்லை.

"பத்து ரூபாய்" என்று தொடங்கினேன். யாரும் கேட்கவில்லை. மறுபடியும் பத்து ரூபாய். கூட்டம் அடுத்து வைத்திருந்த சக்கையை, பலாப்பழத்தை, பார்த்துக்கொண்டிருந்தது. இடைவெளியை நிரப்ப வேண்டுமே என்று ஒலிபெருக்கியில், "இதை வாங்கினா நாளைக்கே கஞ்சி குடிக்கலாம், கஞ்சிதான் வேற வாங்கணும்" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளைகள், பெற்றோர், கமிட்டி, எல்லோரும்தான். கடைசியில் நானே 20 ரூபாய்க்கு எடுத்து, ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் சொல்லி மேசைக்கு அடியில் வைத்தேன். அந்தப் பிள்ளை தன் இடத்துக்குத் திரும்பிப் போனாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு அப்போதே உறைத்திருக்கும்.

அடுத்த எட்டுப் பள்ளி நாட்கள்

திங்கள் அவள் வரவில்லை. ஒன்றாம் வகுப்பில் படிக்கிற தம்பி வந்தான். "அக்கா எங்கலே?" என்றதற்கு "வயிறு நோவு" என்றான். செவ்வாயும் அதே பதில். காய்ச்சல் காலம், பதிவேட்டில் உடல்நலக்குறைவு என்று எழுதினேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை, நானாகவே நிரப்பிக்கொண்டேன்.

புதன்கிழமை காலை உணவு சமைக்கிற அக்கா என்னிடம் வந்தார். கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15 முதல் காலை உணவு வந்துவிட்டது, புதன் என்றால் பொங்கல். தம்பிக்காரன் பாதி தின்றுவிட்டு, மீதியைத் தண்ணீர் பாட்டில் மூடியில் வைத்து அமுக்கி, பைக்குள் வைக்கப் பார்த்திருக்கிறான். "அக்காவுக்குப் பொங்கல் இஷ்டம்" என்றானாம். வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது விதி. சமைக்கிற அக்கா மூடியை வாங்கி வைத்துவிட்டு என்னிடம் சொன்னார். நான் "சரி, பார்ப்போம்" என்றேன். பார்க்கவில்லை. வயிறு நோவு என்று சொல்லப்பட்ட பிள்ளைக்குப் பொங்கல் எதற்கு என்கிற சின்னக் கேள்விகூட எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு கணக்குப் பார்க்கக் கமிட்டி கூடியது. பேச்சுவாக்கில் அந்தப் பிள்ளை ஒரு வாரமாக வரவில்லை என்றேன். உடனே அறை அமைதியானது. "அவங்க இந்துக் குடும்பம் இல்லியா, யாராவது போய் ஏதாவது சொல்லிட்டாங்களா?" என்று ஒருவர் கேட்டார். ஏலத்தின் தொடக்கத்தில் ஒரு பாட்டுப் பாடி ஜெபம் செய்திருந்தோம், அதுதான் காரணமாக இருக்கும் என்று இன்னொருவர். வெளியூர்க்காரர்களுக்கு இது மிகையாகத் தோன்றலாம். 1982-ல் மண்டைக்காட்டில் நடந்த இந்து–கிறிஸ்தவக் கலவரத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் அந்த அறையில் இருந்தார்கள், மதத்தைப் பற்றிய பயம் எங்களுக்கு எப்போதும் ஒரு எட்டுத் தொலைவில்தான் இருக்கும். அரசியலமைப்பின் 28(3)-ன்படி அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையையும் வழிபாட்டில் கலந்துகொள்ள வைக்க முடியாது, எங்களிடம் எழுதி வாங்கிய சம்மதம் இல்லை, அதையும் ஒருவர் நினைவுபடுத்தினார். அது நியாயமான கவலைதான். ஆனால் அதனாலேயே ஒரு முழு மணி நேரம் தப்பான திசையில் பேசினோம். தாளாளர், பிள்ளை வீட்டுக்கு உடனே போக வேண்டாம், கும்பலாகப் போனால் வேறு அர்த்தம் வரும் என்றார். நானும் தலையாட்டினேன்.

அடுத்த புதனும் பொங்கல், அன்றைக்கும் அதே மூடி. இந்தத் தடவை அந்த அக்கா விடவில்லை. "சாரே, பிள்ளைக்கு தீனம் ஒண்ணும் இல்ல, நான் நேத்து குழாயடியில கண்டேன், குடம் தூக்கிட்டுப் போறா, என்னைக் கண்டதும் ஓடிட்டா" என்றார்.

வீட்டுக்குப் போனது

அன்று சாயங்காலமே உதவி ஆசிரியையும் நானும் போனோம். மறுநாள் தீபாவளி. தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு, முன்னால் ஒரு சின்னத் திண்ணை. உள்ளே பாட்டி முந்திரிக்கொத்துக்குச் சிறுபயறு வறுத்துக்கொண்டிருந்தார், அளவைப் பார்த்தால் ஒரு கிலோகூட இருக்காது. தாய் அண்டி ஆபீசிலிருந்து இன்னும் வரவில்லை. பால்வெட்டு நின்று இரண்டு வாரமாம், தகப்பன் செங்கல் சூளைக்குப் போயிருக்கிறார். பிள்ளை எங்களைக் கண்டதும் பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

பாட்டா, பிள்ளையின் தாத்தா, திண்ணையில் இருந்தார். அவருக்குக் கால் ஒன்று சரியில்லை, மரத்திலிருந்து விழுந்தவர். நான் உடம்புக்கு என்ன, ஏன் வரவில்லை என்று சுற்றி வளைத்தேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சாரே, அந்தத் தவி கையில இருக்கா, தூரப் போட்டாச்சா?"

அவர் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து, உடைந்த கண்ணாடித் துண்டால் சிரட்டையைச் சுரண்டிச் சுரண்டி மினுக்கியிருக்கிறார். பக்கத்தில் பிள்ளை உறங்காமல் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு தேங்காய் வாங்கிக்கொடு என்று அவள் முதலில் அழுததாகவும், காசு இல்லாததால்தான் இதைச் செய்ததாகவும் பாட்டி உள்ளேயிருந்து சொன்னார். "பிள்ளைகள் சிரிச்சா பரவால்ல, பிள்ளைகள்தானே. சாரும் சிரிச்சியளே" என்றார் பாட்டி. குரலில் கோபம்கூட இல்லை.

நான் அங்கேயே மன்னிப்புக் கேட்டேன், பாட்டாவிடமும், பின்கட்டுக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பிள்ளையிடமும். அவள் பதில் சொல்லவில்லை. "மக்களே, தவி ஸ்கூல்லதான் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தோம். உண்மையைச் சொன்னால், அது மேசைக்கு அடியில் இன்னும் இருக்கிறதா என்று எனக்கே தெரியாது. திரும்பும் வழியில் பள்ளியைத் திறந்து தேடினேன். இருந்தது, சாக்பீஸ் பெட்டிக்குப் பின்னால்.

என்ன முடிவெடுத்தோம், ஏன்

மூன்று யோசனைகள் வந்தன. கமிட்டியில் ஒருவர் அந்தப் பிள்ளைக்குப் புதுப் பையும் துணியும் வாங்கித் தருவதாகச் சொன்னார். நல்ல மனசுதான். ஆனால் எதற்காக அவள் வெட்கப்பட்டாளோ அதையே ஊரறியச் செய்வது அது என்று உதவி ஆசிரியை மறுத்தார். காலைக்கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் நான் மன்னிப்புக் கேட்பது இரண்டாவது. எனக்கு அதில் ஆசை இருந்தது. ஆசை இருந்ததே சந்தேகத்துக்கு உரியது என்று இப்போது தோன்றுகிறது, ஏனென்றால் அதில் மனம் லேசாவது எனக்கு, மறுபடியும் எல்லோர் கண்ணும் விழுவது அவள் மேல். அதையும் விட்டோம். மூன்றாவது, ஒன்றும் அறிவிக்காமல் பாட்டாவைக் கைவேலை நேரத்துக்கு வரச் சொல்வது. அதையே எடுத்தோம்.

இதற்கு நடுவே நான் செய்த உருப்படியான வேலை, பழைய வருகைப் பதிவேடுகளை எடுத்ததுதான். காகிதப் பணம் இருந்த 2022-ல் ஏல நாளன்று வராதவர்கள் 2 பேர். 2023-ல் 7. 2024-ல் 9. மூன்று வருஷமும் அன்றைக்கு மழை, மழை என்றே நாங்கள் காரணம் எழுதியிருக்கிறோம். முந்தின வியாழக்கிழமையும் மழைதான், அன்றைக்கு எல்லோரும் வந்திருக்கிறார்கள். ஏலத்துக்கு வராத அந்தப் பிள்ளைகள் திங்களும் வந்திருக்கிறார்கள். அந்த 9 பேரில் 2 பேருக்கு நிஜமாகவே காய்ச்சல், விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மீதி 7 பேரும் லைன் வீட்டுப் பிள்ளைகளோ, அண்டி ஆபீஸ் வருமானத்தில் மட்டும் ஓடுகிற வீட்டுப் பிள்ளைகளோதான். ஒருவன் சொன்னான், "கையில ஒண்ணும் இல்லாம எப்படி சார் வர?" அவனைக் கேட்டது நான்காம் வகுப்பில், ஆனால் அவன் வராமல் இருந்தது இரண்டு வருஷமாக. ஆக, அந்தத் தவியைக் கொண்டுவந்த பிள்ளைதான் தைரியசாலி. மற்றவர்கள் எங்களிடமிருந்து தங்களைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

இதைக் கமிட்டியில் வைத்தபோது ஒருவர் கேட்டார்: "நம்ம ஊருல ஒரு தேங்கா கொண்டு வர முடியாத பிள்ளை உண்டா சாரே?" தென்னை இருக்கிறவர் கேட்கிற கேள்வி. லைன் வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு மூடு மரச்சீனி நடக்கூடச் சொந்த மண் இல்லை, சுற்றிலும் இருப்பது அடுத்தவருடைய ரப்பர். பதிவேட்டை அவர் கையிலேயே கொடுத்தேன். கொஞ்ச நேரம் புரட்டிவிட்டு, பேசாமல் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு நடந்தது

தீபாவளி விடுமுறை முடிந்து திங்கள் பள்ளி திறந்தது. அவள் வரவில்லை. செவ்வாய் வந்தாள், கடைசி வரிசையில் சுவரை ஒட்டி உட்கார்ந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

பாட்டா நவம்பர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டோவில் வந்தார். பத்துச் சிரட்டை, ஒரு சாக்கில் கண்ணாடித் துண்டு. கண்ணாடியைப் பிள்ளைகள் கையில் கொடுக்க முடியாது, உப்புத்தாள் வாங்கிக்கொடுத்தேன், அவருக்கு அது பிடிக்கவில்லை. "இது சிரட்டையைத் தடவுது, சுரண்டல்ல" என்றார். மூன்றாம் வகுப்புக் கணக்குக்கு அன்றைக்குக் கிடைத்தது இதுதான்: தவியால் ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பச் சொன்னேன், எத்தனை தவி என்று முதலில் ஊகிக்க வேண்டும். 4 என்றார்கள், 20 என்றார்கள். ஒன்பது ஊற்றியும் நிறையவில்லை, பத்தாவதில் பாதி மிஞ்சியது. ஒன்பதரை. அரையை எப்படி எழுதுவது என்று ஒரு சண்டை. பாட்டா இடையில் புகுந்து, நாலு நாழி ஒரு இடங்கழி, பத்து இடங்கழி ஒரு பறை, திருவிதாங்கூர் காலத்தில் நெல்லெல்லாம் அப்படித்தான் அளந்தது என்றார். உடனே ஒருவன் ஒரு பறைக்கு எத்தனை நாழி என்று கேட்க, பதிலைச் சொன்னது கடைசி வரிசை. "நாப்பது" என்று தாழ்ந்த குரலில். நான் கரும்பலகைக்கு வந்து எழுதச் சொல்லவில்லை. சொல்ல வாய் வந்தது, உதவி ஆசிரியை என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

அவள் தானாகக் கரும்பலகைக்கு வந்தது ஜனவரியில், பொங்கல் விடுமுறை கழித்து.

2025 ஏலம்

விதிகளை மாற்றினோம். வீட்டிலிருந்து ஒன்றும் கொண்டுவரக் கூடாது. ஜூலையில் கிணற்றடியில் வெண்டையும் கீரையும் வெள்ளரியும் போட்டோம், ஏலத்துக்கு முந்தின இரண்டு வாரம் கைவேலை நேரத்தில் ஓலைப்பெட்டி, காகிதப் பை, தவி. ஆளுக்கு 100 ரூபாய்க் காகிதப் பணம், எல்லோருக்கும் சமம். ஒவ்வொருவரும் நோட்டில் கழித்துக் கழித்து எழுத வேண்டும். ஜெபம் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தோடு, பள்ளியில் இல்லை. பெற்றோர் வேடிக்கை பார்க்கலாம், பணம் கொடுக்க விரும்புகிறவர்களுக்கு ஞாயிறன்று ஆலயத்தில் பெட்டி. ஏலம் கூவுவது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், ஒலிபெருக்கி இல்லை.

வராதவர்கள் 2 பேர்.

கணக்கு முன்னைவிட நன்றாகவே நடந்தது, ஏனென்றால் கையில் இருப்பது 100தான். ஒரு பையன் முதல் வெள்ளரிக்கே 95 ரூபாய் வரை ஏறிப்போய் வாங்கிவிட்டு, அடுத்த ஒரு மணி நேரம் 5 ரூபாயை வைத்துக்கொண்டு எல்லோர் வாயையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான், கடைசியில் வெள்ளரியைப் பாதியாக வெட்டி 30 ரூபாய்க்கு விற்றான். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆனால் பழைய ஆரவாரம் இல்லை. பெற்றோரில் பாதிப் பேர் வரவில்லை. மட்டிக் குலை வருஷா வருஷம் கொண்டுவருகிற வீட்டுப் பையனுக்கு வருத்தம், அவன் அப்பாவுக்கு அதைவிட வருத்தம், குலை ஆலயத்துக்குப் போனது. பெட்டியில் விழுந்த பணம் முந்தின வருஷத்து ஏலத் தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 2024 பணத்தில் பெண்பிள்ளைகள் கழிப்பறைக்குக் கதவு போட்டோம், பையன்கள் கழிப்பறைக் கதவு இன்னும் நைலான் கயிற்றில் கட்டித்தான் நிற்கிறது. கமிட்டியில் இதைச் சொல்லிக்காட்டுகிறார்கள். சொல்ல அவர்களுக்கு நியாயம் உண்டு.

இன்னொரு தடவை செய்தால்

முதல் நாளே வீட்டுக்குப் போவேன். வராத பிள்ளைக்கு நானாக ஒரு காரணம் எழுதமாட்டேன், தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே பதிவேட்டில் இருக்கட்டும். சமைக்கிற அக்கா ஒன்று சொன்னால் அன்றைக்கே கேட்பேன், எங்கள் பள்ளியில் பிள்ளைகளின் வீடு தெரிந்தவர் அவர்தான். சம்மதக் கடிதம் இப்போது ஜூனிலேயே வாங்கிவிடுகிறோம், அது இந்தச் சம்பவத்துக்குக் காரணம் இல்லை என்றாலும் எப்போதோ செய்திருக்க வேண்டியது. அப்புறம், பள்ளியில் "வீட்டிலிருந்து கொண்டு வா" என்று நாங்கள் சொல்கிற மற்ற விஷயங்களை எண்ணிப் பார்த்தோம். பிறந்தநாள் மிட்டாய், கிறிஸ்மஸ் பரிசு மாற்றிக்கொள்வது, சுற்றுலாப் பணம், அறிவியல் மாதிரிக்குத் தெர்மாகோல். மிட்டாயை நிறுத்திவிட்டோம். கிறிஸ்மஸ் பரிசை நிறுத்தப் பிள்ளைகளே சம்மதிக்கவில்லை, இந்த டிசம்பரில் பள்ளியில் செய்த பொருளை மட்டும்தான் கொடுக்கலாம் என்று வைத்தோம், இரண்டு பேர் ரகசியமாகக் கடையில் வாங்கியதைக் கொடுத்தார்கள்.

அந்தப் பிள்ளை இப்போது நான்காம் வகுப்பு. கடன் வாங்கிக் கழிக்கும்போது நடுவில் பூஜ்யம் வந்தால் இன்னும் தடுமாறுகிறாள். என்னிடம் பேசுகிறாள், ஆனால் நான் வேடிக்கையாக ஏதாவது சொல்லி வகுப்பே சிரித்தால் முதலில் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் சிரிக்கிறாள்.